கூட்டி சஃபையர் சிலந்திக் குட்டி: எவ்வளவு ஈரம், எந்தப் பெட்டி, எப்ப மாத்துறது?

பனங்கூடல் (லண்டன்) எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். பொசிலோதீரியா மெட்டாலிகா (கூட்டி சஃபையர் எண்டு விக்கிற டாரன்டுலா, பெரிய ரோமச் சிலந்தி வகை) குட்டி ஒண்டு, கால் நீட்டி அளந்தால் 3 செ.மீ. வளர்ப்பிலயே பிறந்தது எண்டு வித்தவர் ரசீதில எழுதித் தந்திருக்கிறார். இப்ப இருக்கிற ஒழுங்கு இதுதான்: 500 மி.லி. பிளாஸ்டிக் டப்பா, அடியில 2 செ.மீ. தென்னை நார்க்கழிவு, சாய்ச்சு வைச்ச ஒரு மரப்பட்டைத் துண்டு. காத்து ஓட்டை மூடியில மட்டும் 6. ஈரம் 80 சதவீதம் வேணும் எண்டு ஒரு வீடியோவில சொன்னதால ஒவ்வொரு நாளும் தண்ணி தெளிக்கப்படுது. டப்பாச் சுவரில எப்பவும் நீர் முத்து நிக்குது. அறைச் சூடு பகலில 22, இரவில 18.

வந்து 9 நாளாச்சு, ஒண்டும் தின்னேல்லை. பட்டைக்குள்ள போகாமல் மூடிக்குக் கிட்ட, மேல் மூலையிலயே ஒட்டிக்கொண்டு நிக்குது. படத்தில பார்த்த நீலமும் இல்லை, சாம்பலும் வெள்ளையும்தான். பிழை எங்க? பெரிய பெட்டிக்கு எப்ப மாத்த வேணும்? கடிச்சால் என்ன செய்யிறது?


பட்டைக்குள் எழுதியது:

தெளிப்பதை இன்றைக்கே நிறுத்துங்கள். மூடி ஓட்டைக்குப் பக்கத்தில் போய் ஒட்டிக்கொண்டு நிற்கும் குட்டி காற்று தேடுகிறது என்று எடுத்துக்கொள்ளலாம். சுவரில் நாள் முழுக்க நீர் முத்து நின்றால் உள்ளே காற்று ஓடவில்லை என்று பொருள். இந்த இனத்துக் குட்டிகள் வறட்சியில் சாவதைவிட இப்படித் தேங்கிய ஈரத்தில் சாவதுதான் அதிகம். மூடியில் மட்டும் ஓட்டை போட்டால் ஈரக்காற்று அடியிலேயே தங்கிவிடும். நார்க்கழிவிலும் மிச்சம் கிடக்கும் இரையிலும் பூஞ்சை பிடிக்கும்.

சரி செய்வது எளிது. இதே அளவில் இன்னொரு டப்பா எடுங்கள். எதிரெதிர்ச் சுவர்களில் ஓட்டை போட வேண்டும்: ஒரு பக்கம் மண்மட்டத்துக்கு 2 செ.மீ. மேலே ஒரு வரிசை, மறுபக்கம் மூடிக்குச் சற்றுக் கீழே ஒரு வரிசை. வரிசைக்குப் பத்துப் பன்னிரண்டு. தாழ்ந்த ஓட்டை வழியாக நுழையும் காற்று உயர்ந்த ஓட்டை வழியாக வெளியேறும். ஓட்டை 1 முதல் 1.5 மி.மீ. போதும். குட்டியின் தலைமார்பு ஓடு (கால்கள் முளைக்கும் முன்பகுதியின் மேலோடு) நுழையாத அளவாக இருக்க வேண்டும். வயிறு நசுங்கும், அந்த ஓடு நசுங்காது, அதனால் அதுதான் அளவுகோல். சூடாக்கிய ஊசியோ சால்டரிங் அயர்னோ போதும். சிலந்தி உள்ளே இருக்கும்போது மட்டும் செய்யாதீர்கள், பிளாஸ்டிக் புகையும் அதிர்வும் அதற்கு ஆகாது.

நார்க்கழிவு 2 செ.மீ. போதாது, 4 அல்லது 5 ஆக்குங்கள். மரத்தில் வாழும் இனமாயிற்றே, மண் எதற்கு என்று கேட்பார்கள். குட்டிப் பருவத்தில் இவை பட்டையின் அடியில் குடைந்து, மண்ணை வலையோடு சேர்த்துத் திரை கட்டி, அதற்குள்தான் இருக்கும். மேலே ஏறிக் குடியிருப்பதெல்லாம் பிறகு. பட்டை கார்க் பட்டையாக இருக்கட்டும், ஈரத்தில் எளிதில் உளுத்துப்போகாது. குழல் வடிவத்திலோ பாதிக்குழலாகவோ ஒரு துண்டைச் செங்குத்தாக, அடி மண்ணுக்குள் 1 செ.மீ. புதையும்படி வையுங்கள். மேல்முனைக்கும் மூடிக்கும் இடையே 2 செ.மீ. இடைவெளி. அந்த முனையில் ஒரு பிளாஸ்டிக் இலையைச் செருகினால் வலை கட்டப் பிடிமானம் கிடைக்கும்.

தண்ணீருக்குச் சோடாப் புட்டி மூடி ஒன்று. அதோடு ஒரு மூலையில் மட்டும், சுவர் ஓரமாக 5 மி.லி. தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். மண்ணில் மூன்றில் ஒரு பங்கு ஈரம், மீதி காய்ந்தபடி இருக்கட்டும். அந்த மூலையின் அடிமண் நிறம் வெளுத்த பிறகுதான் அடுத்த 5 மி.லி. எங்கே உட்கார வேண்டும் என்பதைச் சிலந்தியே முடிவு செய்யும். ஈரமானி வாங்காதீர்கள். விலை மலிந்த கருவிகள் அந்தச் சின்ன டப்பாவில் காட்டும் எண்ணை நம்பித்தான் பலர் தெளித்துக்கொண்டே இருக்கிறார்கள்.

சூடு: 22 போதும், 24 முதல் 26 இருந்தால் வளர்ச்சி வேகம். இரவு 18 ஆபத்தில்லை, ஆனால் தீனி குறையும். அறையின் உயரமான அலமாரியில் வைத்தாலே ஓரிரு டிகிரி கூடும். வெப்ப விரிப்பு வைத்தே ஆக வேண்டுமென்றால், ஒரு பெரிய பிளாஸ்டிக் பெட்டியின் பக்கவாட்டுச் சுவரில் ஒட்டி, தெர்மோஸ்டாட்டோடு 25-ல் நிறுத்தி, டப்பாவை அந்தப் பெட்டிக்குள் வையுங்கள். டப்பாவுக்கு அடியில் விரிப்பு வைக்கவே கூடாது. சூட்டிலிருந்து தப்பக் கீழே குடையும் பிராணி அது. கீழேதான் சூடு என்றால் எங்கே போகும்? விளக்கு வேண்டாம்.

9 நாள் பட்டினி ஒரு பொருட்டே இல்லை. புது டப்பாவில் 3 நாள் விட்டுவிட்டு ஒரு சின்ன கிரிக்கெட் பூச்சி (நம் சுவர்க்கோழி இனம்தான்) கொடுங்கள். சிலந்தியின் வயிற்றை விடப் பெரிதாக இருக்கக் கூடாது. உயிரோடு ஓடுவதைப் பார்த்து ஒதுங்கினால் தலையை நசுக்கிப் பட்டை வாயில் வைத்துவிடுங்கள், ராத்திரி வந்து எடுக்கும். வாரத்துக்கு ஒன்று போதும். 24 மணி நேரத்தில் தொடாததை எடுத்துவிட வேண்டும். சட்டை உரிக்கும் நேரத்தில் அந்தப் பூச்சியே சிலந்தியைக் கடித்துத் தின்றுவிடும்.

வயிறு பளபளத்து இறுகி, வாசலை வலையால் மூடிக்கொண்டால் சட்டை உரிக்கப் போகிறது. தீனியை நிறுத்துங்கள், தண்ணீர் மட்டும் இருக்கட்டும். உரித்தவுடன் பல் வெள்ளையாக இருக்கும், பிறகு சிவக்கும், பிறகு கறுக்கும். கறுத்த பிறகே தீனி. குட்டிக்கு ஐந்தாறு நாள், வளர்ந்ததற்கு இரண்டு வாரம் வரை ஆகும்.


அலைக்கோடு எழுதியது:

காய விடுவது சரியாகப் படவில்லை. இந்தியக் காட்டுச் சிலந்தி, மழைக்காடு. காலையும் மாலையும் தெளிப்பதுதான் வழக்கம். காய்ந்தால் சட்டை உரிக்கும்போது கால் மாட்டிக்கொள்ளும்.


நல்லமலை_வரப்பு எழுதியது:

அலைக்கோடு, மழைக்காடு என்பது தவறு. இது இருப்பது ஆந்திராவில், நந்தியாலுக்கும் கித்தலூருக்கும் இடையே உள்ள இலையுதிர் காட்டில். கிழக்குத் தொடர்ச்சி மலை, நல்லமலைப் பகுதி. கோடையில் மரங்கள் மொட்டையாக நிற்கும், வெயில் 40 டிகிரியைத் தாண்டும். தென்மேற்குப் பருவமழை வந்த பிறகுதான் பச்சை. ஆனால் சிலந்தி அந்த வெயிலில் உட்கார்ந்திருப்பதில்லை. முதிர்ந்த மரத்தின் பொந்துக்குள், வெளியை விடக் குளிர்ந்த, சற்றே ஈரமான இருட்டில் இருக்கிறது. மேலே ‘பட்டைக்குள்’ சொன்ன மூன்றில் ஒரு பங்கு ஈரம் அந்தப் பொந்துக்கு ஈடு. தெளிப்பு எதற்கும் ஈடில்லை: பத்து நிமிடம் எல்லாம் நனையும், பிறகு காயும், நடுவில் சிலந்தி முதுகில் தண்ணீர் பட்டு ஓடும். சட்டை உரிப்பில் கால் மாட்டுவதைத் தடுப்பது உடம்புக்குள் இருக்கும் நீர். அது குடிக்கும் தண்ணீரிலிருந்தும் இரையிலிருந்தும் வருகிறது.

பெயரைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1899-ல் பிரிட்டிஷ் மியூசியத்தின் விலங்கியலாளர் போக்கொக் இதை விவரித்தபோது மாதிரி கிடைத்த இடம் அனந்தபூர் மாவட்டத்தில் குத்தி என்ற ஊர். ஆங்கிலத்தில் கூட்டி என்று எழுதி எழுதி, ஊர்க்காரரே சொல்லாத அந்த உச்சரிப்பு உலகம் முழுக்க விற்பனைப் பெயராகிவிட்டது. குத்தியைச் சுற்றி இதன் காடு இல்லை. மரக்கட்டையோடு ரயிலில் ஏறி வந்திருக்க வேண்டும் என்பதுதான் பிற்கால ஆய்வாளர்களின் கருத்து. வரைபடத்தை எடுத்துப் பார்த்தால் நம்பத் தோன்றும்: குண்டூரிலிருந்து நல்லமலையைக் குடைந்துகொண்டு கித்தலூர், நந்தியால் வழியாக வரும் பாதை குந்தக்கல்லில் போய்ச் சேர்கிறது, குத்தி அதற்குப் பக்கம். காட்டில் மறுபடி கண்டது 2001-ல், 102 ஆண்டு கழித்து, குத்தியிலிருந்து சுமார் 100 கி.மீ. தள்ளி. அறியப்பட்ட வாழிடம் 100 சதுர கிலோமீட்டருக்கும் குறைவு. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான ஐயுசிஎன்னின் சிவப்புப் பட்டியலில் 2008 மதிப்பீட்டின்படி மிக அருகிய இனம், அதாவது அழிவுக்கு முந்தைய கடைசிப் படி. விறகுக்கும் கட்டைக்கும் மரம் வெட்டும்போது முதலில் போவது பொந்து விழுந்த கிழட்டு மரம். சிலந்திக்கு வேண்டியதும் அதே மரம். அதோடு செல்லப்பிராணிச் சந்தைக்காகப் பிடிப்பவர்களும் இருக்கிறார்கள்.

நீலத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். 4, 5 செ.மீ. தாண்டி, இன்னும் இரண்டு மூன்று சட்டை உரித்த பிறகு ஏறும். அது சாயம் இல்லை. ரோமத்துக்குள் இருக்கும் நுண்ணிய அடுக்குகள் நீல ஒளியை மட்டும் திருப்பி அனுப்புவதால் வரும் நிறம். டாரன்டுலாக்களில் இப்படி நீலம் குறைந்தது 8 முறை தனித்தனியாகத் தோன்றியிருக்கிறது, எல்லாம் ஏறக்குறைய 450 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டியே என்று 2015-ல் ஓர் ஆய்வு காட்டியது. நடைமுறையில் இதற்கு என்ன பொருள் என்றால், மஞ்சள் வெளிச்சம் தரும் பல்பின் கீழ் சாம்பலாகத்தான் தெரியும், அந்த ஒளியில் நீலம் குறைவு. வெள்ளை எல்இடியில் பாருங்கள். விற்பனைப் படங்கள் பெரும்பாலும் ஃபிளாஷ் வெளிச்சத்தில் எடுத்தவை. தீனியை மாற்றினால் நிறம் கூடும் என்று யாராவது பொடி விற்றால் வாங்காதீர்கள்.

முன்கால்களின் அடிப்பக்கத்து மஞ்சள் எச்சரிக்கைக்கு. அந்த மஞ்சள் உங்கள் கண்ணுக்குத் தெரிகிறது என்றால் சிலந்தி முன்காலைத் தூக்கி நிற்கிறது. மூடியைப் போட்டுவிட்டு அப்பால் போங்கள்.


வலிகுறிப்பு எழுதியது:

கடி பற்றிக் கேட்டதற்கு யாரும் பதில் தரவில்லை, அதனால் நான்.

அமெரிக்கக் கண்டத்து டாரன்டுலாக்களில் பல பின்காலால் அரிப்பு ரோமத்தை உதறும். பொசிலோதீரியாவுக்கு அது கிடையாது. அதற்கு இருப்பது வேகமும் விஷமும்தான். உயிரிழப்பு பதிவானதில்லை. ஆனால் தேனீக் கொட்டு மாதிரி என்று எண்ணி விடக் கூடாது. கடித்த இடத்தில் உடனே கடும் வலி, வீக்கம், வியர்வை. அது அடங்குகிறது என்று நினைக்கும்போது, பல மணி நேரம் கழித்து, கடிபடாத இடத்திலும் தசை சுண்டி இழுக்கத் தொடங்கலாம். தொடை, முதுகு, மார்பு எங்கும் வரும். சிலருக்கு விட்டுவிட்டு நாட்கணக்கில், வாரக்கணக்கில்கூட நீடித்திருக்கிறது. 3 செ.மீ. குட்டியிடம் இவ்வளவு விஷம் இராது, வளர்ந்த பெண்ணிடம் இருக்கும்.

கடித்தால் முதலில் சிலந்தியை மூடிவிட்டு நேரத்தைக் குறியுங்கள். மோதிரம், கைக்கடிகாரம், வளையல் எதுவானாலும் வீங்குவதற்கு முன் கழற்றுங்கள். சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவுங்கள். துணியில் சுற்றிய ஐஸ் 10 நிமிடம், பிறகு இடைவெளி. வலிக்குப் பாரசிட்டமால், அட்டையில் எழுதியிருக்கும் அளவில். கீறுவது, உறிஞ்சுவது, கயிறு போட்டு இறுக்குவது எதுவும் கூடாது. பிரிட்டனில் 111 என்ற மருத்துவ உதவி எண்ணை அழைத்து இனத்தின் பெயரைச் சொல்லுங்கள். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், முகவீக்கம், மயக்கம் வந்தால் அவசர எண் 999. இதற்கென விஷமுறிவு மருந்து கிடையாது. தசைப்பிடிப்பைத் தளர்த்தவும் வலியைக் குறைக்கவும் மருத்துவர் மருந்து கொடுப்பார். அதனால்தான் மறுநாள் பிடிப்பு வந்தாலும் கடியைச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் மாரடைப்போ வேறேதோ என்று தேடிக்கொண்டிருப்பார்கள்.

டப்பா மேல் விஞ்ஞானப் பெயரை எழுதி ஒட்டுங்கள். அவசரத்தில் ‘ஏதோ நீலச் சிலந்தி’ என்று சொல்வதால் மருத்துவருக்குப் பயனில்லை. வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் பூட்டுப் போடும் அலமாரி.


பனங்கூடல் எழுதியது:

எல்லாருக்கும் பெரிய நன்றி. புது டப்பாவில பக்கச் சுவர் ஓட்டை போட்டாச்சு, மண் 5 செ.மீ. இனி ரெண்டு கேள்வி. பழைய டப்பாவில இருந்து இதுக்கு மாத்துறது எப்பிடி? இந்த இனம் கண் மூடித் திறக்க முன்னம் காணாமல் போகும் எண்டு எல்லாரும் வெருட்டுகினம். மற்றது, ஆணோ பெண்ணோ எண்டு இப்பவே சொல்லலாமோ?


பட்டைக்குள் எழுதியது:

வெருட்டுவது உண்மைதான், ஆனால் அது ஓடுவது எங்கே என்று தெரிந்தால் பயமில்லை: மேலே அல்லது இருட்டுக்கு. அதற்குத் தகுந்தபடி செய்யுங்கள்.

குட்டியை மாற்றப் பகல் வெளிச்சம் நல்லது, ராத்திரிதான் அதன் ஓட்ட நேரம். கதவைச் சாத்துங்கள், கதவடி இடைவெளியில் துண்டு. 50 லிட்டர் அளவில் ஒளி ஊடுருவும் பெட்டி ஒன்றைத் தரையில் வைத்து, அதற்குள் இரண்டு டப்பாவையும் வையுங்கள். தரையில் ஏன் என்றால், மேசையிலிருந்து விழுந்தால் வயிறு கிழியும், பெரும்பாலும் பிழைக்காது. கைக்கு எட்டும் தூரத்தில் ஒரு கண்ணாடித் தம்ளர், ஒரு அட்டை, 30 செ.மீ. கைப்பிடி உள்ள மெல்லிய ஓவியத் தூரிகை.

பழைய டப்பாவின் மூடியைத் திறந்து, புது டப்பாவின் வாயோடு வாய் வைத்து, பின்காலைத் தூரிகை நுனியால் மெல்லத் தொடுங்கள். முன்னால் தொட்டால் உங்கள் பக்கம் வரும். முதுகில் ஊதவே ஊதாதீர்கள், காற்றுப் பட்டதும்தான் எல்லாம் பறக்கிறது. போகவில்லை என்றால் பழைய டப்பாவைத் திறந்தபடியே ஒரு பெரிய மூடிய பெட்டிக்குள் விட்டு, பக்கத்தில் புதுப் பட்டையை நிறுத்தி வையுங்கள். ஓரிரு நாளில் தானே குடிபோகும். வெளியே ஓடிவிட்டால் துரத்தக் கூடாது. நிற்கும் வரை பொறுத்து, மேலே தம்ளரைக் கவிழ்த்து, அடியில் அட்டையை நுழையுங்கள். கையால் தடுக்க வரும் ஆசையை அடக்குவதுதான் கஷ்டம்.

பெரிய பெட்டி, சிலந்தி 7, 8 செ.மீ. ஆன பிறகு: அடி 20 × 20, உயரம் 30 செ.மீ. அதுவே ஆயுளுக்கும் ஏறக்குறையப் போதும். வளர்ந்த பெண்ணுக்கு 30 × 30 × 45 கொடுத்தால் பராமரிப்பு சுலபம், சிலந்திக்குப் பெரிய வித்தியாசம் இல்லை. அந்த மாற்றத்தில் சிலந்தியைத் தொடவே வேண்டாம். அது கார்க் குழலுக்குள் இருக்கும் பகல் நேரத்தில் இரண்டு முனையையும் துணியால் அடைத்து, குழலோடு தூக்கிப் புதுப் பெட்டியில் வைத்து, துணியை நீண்ட இடுக்கியால் உருவுங்கள். இதற்காகத்தான் முதலிலேயே குழல் வடிவப் பட்டை வாங்கச் சொல்வது. கதவு முன்பக்கம் திறக்கும் பெட்டியில் சிலந்தி கதவோரம் வலை கட்டிவிட்டால் ஒவ்வொரு முறையும் தொல்லை, அதனால் பட்டையைப் பின்மூலையில் நிறுத்துங்கள்.

ஆணா பெண்ணா என்பது 3 செ.மீ.யில் ஊகம்தான். 5 செ.மீ. தாண்டி உரிக்கும் சட்டையை எடுத்து வையுங்கள். அதில் வயிற்றுப் பகுதி சுருண்டு கிடக்கும். கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு சொட்டுப் பாத்திர சோப்பு விட்டு அரை மணி நேரம் ஊறவைத்து, பல்குச்சியால் விரியுங்கள். உட்பக்கம் மேலே தெரியட்டும். நான்கு வெள்ளைத் திட்டுகள் புத்தக நுரையீரல் (தாள் அடுக்கு மாதிரியான சுவாச உறுப்பு). மேல் இரண்டுக்கும் நடுவே 10 மடங்கு லென்ஸில் பார்க்க, மடலாக ஒரு துருத்தல் இருந்தால் பெண். வெறும் கோடு என்றால் அநேகமாக ஆண். சட்டை காய்ந்து நொறுங்கிய பிறகு ஊறவைத்துப் பயனில்லை என்று சொல்வார்கள், பயன் உண்டு, கூடுதல் நேரம் ஊறவிட்டால் போதும்.

முதிர்ந்த ஆணை அடையாளம் காண முன்காலில் கொக்கி தேடாதீர்கள், பல டாரன்டுலாக்களுக்கு உள்ள அது பொசிலோதீரியாவுக்கு இல்லை. முகத்தருகே உள்ள உணர்கால் நுனி குமிழ் மாதிரி உருண்டிருக்கும், உடல் மெலிந்து நீலம் மங்கும். ஒன்றரை ஆண்டு வாக்கில் முதிரும், மொத்த ஆயுள் மூன்று நான்கு ஆண்டு. பெண் 11, 12 ஆண்டு வரை இருக்கும். விலை வித்தியாசம் அதனால்தான்.


அலைக்கோடு எழுதியது:

நல்லமலை_வரப்பு, மழைக்காடு விஷயத்தில் திருத்திக்கொள்கிறேன். ஆனால் மூலை ஈரத்தில் வெள்ளைப் பூஞ்சை வந்தால்? மண் முழுவதையும் மாற்ற வேண்டுமா?


நல்லமலை_வரப்பு எழுதியது:

வேண்டாம். பூஞ்சை பிடித்த இடத்தைக் கரண்டியால் அள்ளிவிட்டு ஒரு வாரம் அந்த மூலையைக் காய விடுங்கள். ஸ்பிரிங்டெயில் என்று விற்கும் நுண்பூச்சிகளை ஒரு கரண்டி கலந்தால் பூஞ்சையையும் இரைத் துணுக்குகளையும் தின்று தீர்க்கும், சிலந்தியை ஒன்றும் செய்யாது. மண்ணை மொத்தமாக மாற்றினால் சிலந்தி கட்டிய வலையெல்லாம் போய், மறுபடி முதலிலிருந்து பதுங்கும், தீனி எடுக்காது.

பனங்கூடல், அந்த ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். 2019-ல் ஜெனீவா மாநாட்டில் பொசிலோதீரியா பேரினம் முழுதும் சைட்டீஸ் (அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம்) இரண்டாம் இணைப்பில் சேர்ந்தது. முன்மொழிந்த நாடுகளில் இலங்கையும் ஒன்று. எல்லை தாண்டினால் அனுமதிப் பத்திரம் வேண்டும், வளர்ப்பில் பிறந்ததற்கும் அதுவே. பிரிட்டனுக்குள் வைத்திருக்க ஆபத்தான காட்டு விலங்கு உரிமம் தேவையில்லை, ஆனால் சட்டப்படி வந்தது என்று கேட்டால் காட்ட வேண்டும். வித்தவரிடம் பெற்றோர் சிலந்தி விவரமும், முட்டைப்பை பொரிந்த மாதமும் எழுதி வாங்குங்கள். ஊருக்கு வரும்போது பெட்டியில் போட்டுக்கொண்டு வரலாமா என்று இங்கே யாராவது கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன்: கூடாது.

மற்ற இனங்களோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். சேலத்துக்கு உரிய பொசிலோதீரியா ஃபார்மோசாவும், இராமேசுவரத்து ஹனுமவிலாசுமிகாவும் சாம்பலும் பழுப்பும்தான். குட்டிப் பருவத்தில் மெட்டாலிகாவும் ஏறக்குறைய அப்படியே இருப்பதால் பெயர் மாற்றி விற்பவர் உண்டு. 5 செ.மீ. தாண்டி இரண்டு முறை சட்டை உரித்தும் வெள்ளை எல்இடியில் கால் நீலமாகவில்லை என்றால், முன்கால் அடிப்பக்கத்தைக் கண்ணாடி வழியே படம் எடுத்து இங்கே போடுங்கள்.